ஆள் ஒருவர், டூட்டி இரண்டு

அந்த வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டிய பேருந்து, ஆறு பத்துக்கும் பணிமனை வாசலைத் தாண்டவில்லை. ஓட்டுநர் வராமல் இல்லை. ஐந்து மணிக்கே வந்துவிட்டார். டூட்டித் தாளில்தான் அவர் பெயர் இல்லை. தாளில் பெயர் இல்லாதவர் கையில் சாவி போகாது என்பது அங்கே மேலாளருக்கும் பொருந்தும் விதி.

"நான் லீவு கேட்டது அடுத்த வியாழக்கிழமைக்குய்யா. இன்னைக்கு யாரு என் பேரைத் தூக்குனது?" என்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். ஓய்வறையில் இவர் படுத்தால் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பதால் பணிமனையில் இவருக்குக் குறட்டை என்று பெயர்.

"என்கிட்ட கத்தாதீங்க. கம்ப்யூட்டர்ல வர்றதை நான் பிரின்ட் எடுக்குறேன், அவ்வளவுதான். உங்க ரைட்டக்காவைப் போய்க் கேளுங்க" என்றார் உள்ளே இருந்த டைம் கீப்பர்.

தாளில் குறட்டைக்குப் பதிலாகப் பெயர் இருந்த ஓட்டுநர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த வியாழன்தான் டூட்டி என்று சொல்லியிருந்தார்கள். கடைசியில் மேலாளர் தூக்கக் கலக்கத்தோடு வந்து, தாளில் பெயரைத் திருத்திக் கையெழுத்துப் போட்ட பிறகு வண்டி நகர்ந்தது. ஒரே வாரத்தில் இது மூன்றாவது முறை.

ஒன்பது மணிக்கு மேலாளர், டூட்டித் தாளைக் கணினியில் தயாரிக்கும் ரைட்டக்காவை அழைத்தார். கண்டக்டராக இருந்த காலத்தில் 'ரைட், ரைட்' என்று குரல் கொடுத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கோபமாகப் பேசவில்லை. அதுதான் ரைட்டக்காவுக்குப் பயமாக இருந்தது.

"சனிக்கிழமை மத்தியானம் அடுத்த வாரத் தாள் ஒட்டணும். அதுக்குள்ள சரியாயிட்டா நல்லது. இல்லேன்னா பழையபடி பென்சில், ரப்பர்னு போயிடுவோம். அப்போ இந்த செக்‌ஷனுக்கு ரெண்டு பேர் தேவையில்லைம்மா."

அதன் பொருள் ரைட்டக்காவுக்குத் தெரியும். மறுபடியும் பேருந்து. பதினேழு வருடம் கண்டக்டராகப் படி ஏறி இறங்கி, வலது முழங்காலின் குருத்தெலும்பு தேய்ந்து, இனி நின்று பார்க்கும் வேலை கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் இந்த நாற்காலி கிடைத்தது. கால் மட்டும் என்றால் அவர் எப்படியாவது சமாளித்திருப்பார். பணிமனையின் அறுபத்திரண்டு வண்டிகளையும் அவற்றின் ஓட்டுநர்களையும் வாரத்துக்கு வாரம் வரிசைப்படுத்தும் அந்தக் கணினி நிரலை ஒவ்வொரு வரியாக எழுதியவர் அவர். அது குப்பைக்குப் போவதை உட்கார்ந்து பார்ப்பதைவிட நின்றுகொண்டே வேலை செய்வது மேல் என்று அவருக்குத் தோன்றியது.

அவரை மேதை என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். நாற்பத்தொரு வயதில் பி.எச்.பி. என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்வது அப்படியொன்றும் நடக்காத காரியமல்ல. அலுவலகத்துக்கு வரும் வழியில், பதினேழு வருடத்தில் முதல்முறையாகப் பயணியாக உட்கார்ந்து, கைப்பேசியில் பாடம் பார்த்தார். புரியாததை இரண்டாவது முறை பார்த்தார். இரண்டாவது முறையும் புரியாததைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தார். பலரும் முதல் முறையிலேயே புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். அவர் நினைத்துக்கொள்ளவில்லை. நான் பாராட்டுவதாக இருந்தால் அந்த ஒன்றைத்தான் பாராட்டுவேன்.

அவர் எழுதிய முதல் நிரலில் எல்லாமே அர்ரே. அர்ரே என்பது பெயர் ஒட்டிய அறைகள் கொண்ட ஓர் அலமாரி என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் அறையைத் திறந்தால் உள்ளே இன்னொரு சின்ன அலமாரி இருக்கலாம். வாரம் என்ற அலமாரிக்குள் கிழமைகள், கிழமைக்குள் வண்டிகள், வண்டிக்குள் ஓட்டுநர் பெயரும் நேரமும். அடுத்த வாரத்தைத் தயாரிக்க ஒரே வரி போதும்: இந்த வாரத்தை எடுத்து அடுத்த வாரம் என்ற பெயருக்குக் கொடு. அர்ரேயை அப்படிக் கொடுத்தால் பி.எச்.பி. அதற்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிடும். நகலில் எதைக் கிறுக்கினாலும் மூலத்துக்குக் கீறல் விழாது. இரண்டு வருடம் அந்த நிரல் ஒரு நாளும் முரண்டு பிடிக்கவில்லை.

தலைமை அலுவலகத்துக் கணினிப் பிரிவு இன்ஜினியர் வந்து பார்த்தபோதுதான் வினை தொடங்கியது.

"என்ன மேடம் இது, அர்ரேக்குள்ள அர்ரே, அதுக்குள்ள அர்ரே? உரிக்க உரிக்க வெங்காயம் மாதிரி வந்துகிட்டே இருக்கு. இப்ப எல்லாரும் ஆப்ஜெக்ட்லதான் எழுதுறாங்க."

"ஓடுதே சார்."

"மாட்டு வண்டியும்தான் ஓடுது."

அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதம் உட்கார்ந்து முழுவதையும் ஆப்ஜெக்டாக மாற்றினார். இன்ஜினியர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அலமாரி அறை சும்மா கிடக்கும். ஆப்ஜெக்ட் தன் விவரத்தைத் தானே வைத்துக்கொள்வதோடு தன் வேலையையும் தானே செய்யும். 'இந்த ஓட்டுநருக்கு நேற்றைய டூட்டிக்குப் பிறகு போதுமான ஓய்வு கிடைத்ததா?' என்று கேட்டால் டூட்டி ஆப்ஜெக்டே கணக்குப் போட்டுப் பதில் சொன்னது. ஓய்வில்லாதவரை ஏற்ற முயன்றால் மறுத்தது. மூன்று வாரங்களுக்கு முன் புதிய நிரல் ஓடத் தொடங்கியது. அடுத்த வாரத்தை முன்கூட்டி யாரும் மாற்றாதவரை எதுவும் தெரியவில்லை. இந்த வாரம் குழப்பம் வந்தது. அடுத்த வாரத்தில் யாராவது டூட்டி மாற்றினால், நடந்துகொண்டிருக்கும் வாரமும் கூடவே மாறியது.

வியாழன் மதியம் இன்ஜினியரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"குளோன் போட்டீங்களா?" என்று கேட்டார் அவர். "ஆப்ஜெக்டைச் சும்மா இன்னொரு பெயருக்குக் கொடுத்தா நகல் வராது மேடம். ரெண்டு பெயரும் ஒரே பொருளைத்தான் காட்டும். குளோன்னு ஒரு சொல்லைச் சேருங்க, முடிஞ்சுது."

"வாரத்தைப் புதுசாத்தான் சார் உருவாக்குறேன். டூட்டி வரிசை அர்ரேயா இருக்கு, அதை மட்டும் எடுத்துக் கொடுக்குறேன். அர்ரேன்னா நகல்தானே?"

"நான் சொல்றதைப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார். அடுத்த வாரத்தில் ஒரு பெயரை மாற்றினார். இந்த வாரமும் மாறியது. மறுபடி அழைத்தபோது இன்ஜினியர், சனிக்கிழமை தானே நேரில் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் சாப்பிடும்போது ரைட்டக்கா வாயே திறக்கவில்லை. கணவர் லேத்துப் பட்டறையில் கடைசல் வேலை செய்பவர், மௌனத்தைத் தாங்கமாட்டார்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியோட இன்ஜினைக் கழட்டி மாட்டினது யாரு? நீதானே?"

"ஆமா. நீங்க கடைஞ்சதெல்லாம் ஒரே தடவையில கச்சிதமா வந்துடுச்சு பாருங்க. பரண்ல ஒரு சாக்கு நிறைய கிடக்கே, அதெல்லாம் யாரு கடைஞ்சது?"

மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, உங்களுக்கு இது தேவையா?"

"சரி சரி. நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அளவு தப்பா வந்தா நான் மெஷினைத் திட்டமாட்டேன். பொருளைக் கையில எடுத்துப் பார்ப்பேன். நீ உன் பொருளைப் பார்த்தியா, இல்ல எழுதினதையே திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு இருக்கியா?"

ரைட்டக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளும் மனநிலையில் அன்று இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, நிரலைப் படிப்பதை விட்டுவிட்டு, இரண்டு வாரங்களையும் அப்படியே திரையில் கொட்டச் செய்தார். பி.எச்.பி. இப்படிக் கொட்டும்போது ஒவ்வொரு ஆப்ஜெக்டின் பக்கத்திலும் ஓர் எண் போடும். இந்த வாரம், எண் இரண்டு. அடுத்த வாரம், எண் எழுநூற்று ஐந்து. எண் வேறு என்றால் பொருளும் வேறு. இதுவரை சரி. உள்ளே போனார். இந்த வாரத்தின் முதல் டூட்டி, எண் ஏழு. பக்கம் பக்கமாக உருட்டிக்கொண்டு போய் அடுத்த வாரத்தின் முதல் டூட்டிக்கு வந்தார்.

எண் ஏழு.

தாள் டிக்கெட் காலத்துக் கண்டக்டர் அவர். கட்டைப் பிரித்தவுடன் வரிசை எண்ணைத்தான் முதலில் பார்ப்பார். ஒரே எண்ணில் இரண்டு டிக்கெட் வந்தால் அங்கேயே வண்டியை நிறுத்தலாம். இன்ஜினியரிங் படித்தவர் கண்ணுக்கு அந்த எண் திரையின் ஓரத்தில் கிடக்கும் தூசி. இவர் கண் அதில்தான் போய் நின்றது.

"ஒரே நம்பர்ல ரெண்டா?" என்று உரக்கவே சொல்லிவிட்டார். டைம் கீப்பர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு எல்லாம் வரிசையாகத் தெளிந்தது. அர்ரே நகலானது உண்மை. அலமாரி புதிது, அறைகள் புதிது. ஆனால் அறைக்குள் இப்போது இருந்தவை டூட்டிகள் அல்ல. டூட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் சீட்டுகள். புதிய அலமாரிக்கும் பழைய சீட்டுகளே நகலாகிப் போயிருந்தன. இரண்டு சீட்டும் காட்டியது ஒரே டூட்டியை. குளோனும் மேல் பொருளை மட்டுமே நகலெடுத்தது. இரண்டு வருடம் அர்ரேயோடு பழகியவர் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. அர்ரே தன் வாக்கை மீறவில்லை. இவர்தான் அது தராத வாக்கையும் சேர்த்து நம்பியிருந்தார்.

திருத்தம் நான்கு வரி. வாரத்தைக் குளோன் செய்யும்போது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு டூட்டியையும் குளோன் செய். எழுதி முடித்த பிறகு அவர் ஒரு கேள்வியில் நின்றார். டூட்டிக்குள்ளே ஓட்டுநரும் ஓர் ஆப்ஜெக்டுதான். அவரையும் நகலெடுக்க வேண்டுமா? வெகு நேரம் யோசித்து, வேண்டாம் என்று விட்டார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு இன்ஜினியர் பென் டிரைவோடு வந்தார். மேலாளர், டைம் கீப்பர், டூட்டி முடித்த ஏழெட்டு ஓட்டுநர்கள் என்று அந்தச் சின்ன அறை நிரம்பிவிட்டது.

"நானே எழுதிக் கொண்டுவந்துட்டேன். உள்ள இருக்குற எல்லாத்தையும், கடைசி ஆணி வரைக்கும் நகலெடுத்துடும். எதுவும் எதோடவும் ஒட்டாது" என்றார்.

முதலில் அவருடையதை ஓட்டினார்கள். மேலாளரே அடுத்த வியாழக்கிழமையில் ஒரு பெயரை மாற்றினார். இந்த வாரம் அசையவில்லை. யாரோ கை தட்டினார்கள்.

"அப்போ முடிஞ்சுது" என்றார் டைம் கீப்பர்.

"ஒரு நிமிஷம்" என்றார் ரைட்டக்கா. "குறட்டையண்ணே, உங்க போன் நம்பர் மாறிடுச்சுன்னு சொன்னீங்கல்ல, புது நம்பர் சொல்லுங்க."

இந்த வாரத் தாளில் அதை ஏற்றினார். அடுத்த வாரத்தைத் திறந்தார். அங்கே பழைய எண் அப்படியே இருந்தது.

"அடுத்த வாரம் வண்டி நின்னா டைம் கீப்பர் எந்த நம்பருக்குக் கூப்பிடுவாரு?" என்று கேட்டார். "சார் எல்லாத்தையும் நகலெடுத்துட்டாரு. குறட்டையண்ணனையும் சேர்த்து."

"ஐயோ, ஒருத்தரையே தாங்க முடியல, ரெண்டா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அறை அதிர்ந்தது. குறட்டையும் சேர்ந்து சிரித்தார்.

ரைட்டக்கா சிரிக்கவில்லை. தன்னுடையதை ஓட்டினார். டூட்டியை மாற்றினார், அடுத்த வாரம் மட்டும் மாறியது. தொலைபேசி எண்ணை மாற்றினார். இரண்டு வாரத்திலும் மாறியது. மேலாளர் நம்பாமல் வேறு நான்கு பெயர்களில் தானே செய்து பார்த்தார். நான்கிலும் அப்படியே.

"எப்படிம்மா இது?"

"டூட்டி வாரத்துக்கு வாரம் வேற சார். ஆளு ஒருத்தர்தானே. எது வேறயோ அதை நகலெடுக்கணும், எது ஒண்ணோ அதை விட்டுடணும். மெஷினுக்கு அது தெரியாது. நாமதான் சொல்லணும்."

எது வேறு, எது ஒன்று என்பது மிகப் பழைய கேள்வி. அதற்காகவே தடித்தடியான புத்தகங்கள் இருக்கின்றன. சிலவற்றை நான் வாசித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகவும், உடனே சோதித்துப் பார்க்கும்படியாகவும் அதற்கு ஒரு பதிலை நான் எங்கும் கண்டதில்லை.

மேலாளர் அடுத்த வாரத் தாளை அச்செடுக்கச் சொல்லி, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். "மத்த ரெண்டு பணிமனைக்கும் இதையே கொடுத்துடலாம்னு எழுதப்போறேன். நீங்கதான் போய்ச் சொல்லிக் கொடுக்கணும்."

"போறேன் சார். ஆனா வண்டி அனுப்புங்க, நின்னுக்கிட்டு வரமாட்டேன்."

"ஜீப்பே வரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். ஓட்டுநர்கள் தாளைப் பார்க்க முண்டியடித்தார்கள். இன்ஜினியர் மட்டும் போகவில்லை. பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூலையில் கிடந்த முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டார்.

"எங்க ஆபீஸ் லீவு புரோகிராம்லயும் மூணு மாசமா இப்படி ஒரு தொல்லை இருக்கு" என்றார் தாழ்ந்த குரலில். "அந்த நாலு வரியை இன்னொரு தடவை காட்டுறீங்களா?"

"காட்டுறேன் சார்" என்றார் ரைட்டக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் டூட்டி மாத்த நிக்கிறாங்க. வரிசையில வாங்க."