அக்கரை இல்லாத தண்ணீர்

அரியலூருக்கு அந்த நாடகக் கம்பெனி வந்து கொட்டகை போட்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி நான்கு மாதம். யுத்தம் இன்னும் முடியவில்லை. வண்டிப் பலகையில் பூ வரைவேன், தை பிறந்தால் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிப்பேன். என்னை ஓவியன் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

கம்பெனியின் கடல் சீன் படுதாவைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. அவர்கள் போடவிருந்ததோ, கப்பலேறிப் போன புருஷனுக்காகக் கடற்கரையில் காத்து நிற்கிற பெண்ணின் கதை. கடல் இல்லாமல் அவள் எங்கே போய் நிற்பாள்? முதலாளி ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன்.

"கடல் போடுவியாப்பா?"

"போட்டுரலாங்க. அது என்ன பெரிய காரியம்?"

அதுவரை நான் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. பொய் சொல்கிறோமே என்று கூச்சமும் படவில்லை. என் சுபாவம் அப்படி.

முதலாளி கறாரான மனிதர். "சந்தையன்னைக்குப் புளியமரத்துல கட்டித் தொங்க விடுவேன். சனங்க பார்த்து ஒத்துக்கிட்டா நீதான் கம்பெனிப் பெயிண்டரு. அடுத்து நாகப்பட்டினம் போறோம், பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வா. சிரிச்சுட்டாங்கன்னா கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிடு" என்றார்.

நாகப்பட்டினம் என்றதும் உடனே தலையாட்டினேன். என் மனைவிக்கு அந்தப் பக்கத்துக் கடலோரம்தான் பிறந்த ஊர். இங்கே வந்ததிலிருந்து வாய்விட்டு ஒன்றும் கேட்காதவள். பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது, எங்கள் பக்கத்தில் எப்போதும் வருவதுபோல, கல்லாய்ப் போன சிப்பி ஒன்று வந்தது. நாங்கள் தூக்கி எறிகிற அதை அவள் கழுவித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தினமும் ஒரு தடவை தடவிப் பார்ப்பாள். அவளை ஊருக்குக் கூட்டிப்போகக் கையில் வழியில்லாத எனக்கு, அதைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடமாக இருக்கும்.

மூன்று நாளில் கடலைப் போட்டு முடித்தேன். சோறு கொண்டுவந்தவள் படுதாவைப் பார்த்தாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"இது என்னங்க?"

"கடலு."

"அந்தாண்ட பனைமரமும் கோபுரமும் தெரியுதே, அது?"

"அது அக்கரை."

அவ்வளவுதான், சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! "தண்ணின்னு இருந்தா அக்கரை இல்லாம போவுமா? அவ்வளவு பெரிய கொள்ளிடத்துக்கே இருக்கு. திருமானூர்ல போய் நின்னு பாரு!" என்று கத்தினேன். சோறும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து நானே போய்த் தின்றேன்.

தின்றுகொண்டே கேட்டேன். அவள் சொன்னாள். கடலுக்கு அக்கரை தெரியாது; தண்ணீர் போய் வானத்தில் முட்டும். அது ஆறு மாதிரி நம்மைக் கடந்து போகாது. நம்மைப் பார்த்து வரும், வந்து திரும்பிப் போகும். கட்டுமரம் போன வீட்டுப் பெண்கள் யாரோடு பேசினாலும் கண்ணைத் தண்ணீரிலேயே வைத்திருப்பார்கள். கால் வைப்பதற்கு முன்னால் எல்லோரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான்கு மாதத்தில் அவள் அத்தனை பேசி நான் கேட்டதில்லை.

பனைமரத்தை அழித்தேன். கோபுரத்தை அழித்தேன். நடுவில் மிதக்கவிட்டிருந்த பரிசலைக் கட்டுமரமாக்கினேன். கரையில் ஒருத்தியை, நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறவளாக நிறுத்தினேன். எல்லாம் வந்தது, நுரை மட்டும் வரவில்லை. சுண்ணாம்பை அடித்தால் வெள்ளையடித்த சுவராகத் தெரிந்தது. கடைசியில் வெறும் நீலமாகவே விட்டுவிட்டேன். வர்ணப் பொடியைத் துணியில் பிடித்து நிறுத்துகிற வஜ்ரப் பசை யுத்தத்தால் கிடைக்காத காலம். புளியங்கொட்டைப் பசையைக் காய்ச்சிக் கலந்திருந்தேன். அதிலும் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது.

சந்தையன்று படுதாவை அவிழ்த்துவிட்டார்கள். கூட்டம் கூடியது. முதல் சத்தமே, "அக்கரை எங்கய்யா?" என்றுதான் வந்தது.

"வரையறதுக்குள்ள பெயிண்ட் தீந்து போச்சு போல!"

"கொம்புக்கு அடிக்கிற நீலந்தான், மிச்சத்தை இதுல கொட்டிட்டான்!"

சந்தையே சிரித்தது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் நாகப்பட்டினம் காணாமல் போய்விட்டது. மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் என் மனைவி கூடையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சட்டமடித்து முழுதாகத் தொங்கும்போது அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கூடையை இறக்கி வைத்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் படுதாவின் அடியில் போய்க் குனிந்து, அலை முடிகிற இடத்தை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சிரிப்பு நின்றது. ஆடிப் பதினெட்டுக்குக் கொள்ளிடத்தைத் தொட்டுக் கும்பிடுகிற ஊருக்கு அது என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு கிழவி போய்த் தொட்டாள். பிறகு பிள்ளையை இடுக்கிக்கொண்டு ஒருத்தி. அப்புறம் வரிசைதான். தொட்டவர்கள் இமையெல்லாம் நீலம்.

"பசை பத்தலைடா பாவி, கடல் பூரா போவுது!" என்று முதலாளி ஓடிவந்தார். வந்தவர் அப்படியே நின்றார். கைகள் பட்ட இடமெல்லாம் நீலம் கலைந்து, அடியில் இருந்த வெள்ளைத் துணி திட்டுத்திட்டாக, அலை அலையாகத் தெரிந்தது. நான் எவ்வளவு முட்டியும் வராத நுரை அங்கே வந்திருந்தது.

"அதுல இனிமே கை வச்சே, கையை ஒடிச்சுப்புடுவேன்" என்றார் என்னிடம். "பொட்டியக் கட்டு. வர்ற மாசம் நாகப்பட்டினம்."

வீட்டுக்கு நடக்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் இமையில் நீலம் இன்னும் ஒட்டியிருந்தது.

"நல்ல நேரத்துல வந்து என்னையக் காப்பாத்திட்ட" என்றேன்.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "நீங்க அங்க இருந்தீங்களா?" என்று கேட்டாள். "நான் கடலைத்தாங்க பாத்தேன்."