அப்பா பூசிய பை

போன மாதம் செமோரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. இன்னும் வானம் கறுத்தாலே எழுந்துபோய் வாசலைப் பார்க்கிறேன். அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட, இன்று தண்ணீர் புகாத பை ஒன்று வாங்கினேன். டார்ச் லைட், மருந்து, மகளின் பிறப்புப் பத்திரம் என்று அடுக்கும்போது பையின் ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில் அப்பாவும் இப்படி ஒரு பை செய்தார். அவர் பால்மரம் வெட்டுபவர்; ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பவர். ஆறு பக்கத்தில் என்பதால், எங்கள் பத்திரங்களை மாவுச் சாக்குப் பையில் போட்டு, வாயைத் தைத்து, மேலே ரப்பர் பாலை மூன்று முறை பூசிக் காயவைத்தார்.

"காத்துகூட போவாது லா," என்றார்.

அந்த வருடம் வெள்ளம் வரவில்லை. என்னைப் பள்ளியில் சேர்க்கும் நாள் வந்தது. என் பிறப்புப் பத்திரம் உள்ளே இருந்தது; பையைத் திறக்க வழியில்லை.

"பொறப்பு சூரா இல்லாம புள்ளைய எப்படிச் சேர்ப்பாங்க?" அம்மா பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

அப்பா மரம் வெட்டும் கத்தியை எடுத்தார். பட்டையைச் சீவுவதுபோலச் சாய்வாக, மெல்லிய சுருள் சுருளாகச் சீவினார். உள்ளே காகிதம் எப்போது தெரியும் என்று நான் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். பத்திரம் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தது.

"வெள்ளம் வந்தா பையைத் தூக்குறதா, கத்தியத் தேடுறதா?" என்றார் அம்மா.

புதுப் பையை மூடி, மகளைக் கூப்பிட்டேன். "நான் வீட்டுல இல்லன்னு நெனச்சிக்கமா. இதத் தொற."

அவள் கொக்கியோடு போராடிவிட்டு, பல்லால் இழுத்தாள்.

"இன்னொரு தடவை," என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.