படைப்பின் மகுடமும் மாம்புரிக் கழுதையும்

போன வாரம் இதே இடத்தில் என்ன எழுதினேன், நினைவிருக்கிறதா?

கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்தார். கடலில் நீந்துவது, வானில் பறப்பது, நிலத்தில் நடப்பது எல்லாவற்றையும் அவன் பொறுப்பில் விட்டார். ஆகவே மனிதனே படைப்பின் மகுடம்... என்று ஒரே மூச்சில் எழுதித் தள்ளியிருந்தேன். சிலர் ஃபோன் எடுத்துப் பாராட்டினார்கள். நானும் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

அந்தப் பத்தியை வாசிக்காத ஒருவர் எங்கள் மாம்புரியில் இருக்கிறார் என்பது குருத்தோலை ஞாயிறு காலையில்தான் தெரிந்தது. அவருக்கு நாலு கால்.

எங்கள் பக்கத்துக் கழுதைகளுக்குச் சொந்தக்காரர் கிடையாது. கற்பிட்டி ரோட்டில் அவை பாட்டுக்கு நடக்கும், நிற்கும், மனம் வந்தால் படுக்கும். அவற்றில் ஒன்றுக்கு ஊரார் வைத்த பெயர் சேர்மன். பஸ் வந்தாலும் லொறி வந்தாலும் வழி விடாமல் நடு ரோட்டில் நிற்பதால் கிடைத்த பட்டம் அது.

தவக்காலம் தொடங்கிய வாரம் மரியான் எங்கள் வாசலுக்கு வந்தார். கடல் தொழில் செய்கிறவர். போர்க்காலத்தில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாதிரி அவர் வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்.

“சேர், எனக்கொரு கழுதை வேணும்.”

“எதுக்கு?”

“நேர்த்தி, சேர்.”

தை மாதத்தில் அவருடைய படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனது. அவரும் கூடப் போன மச்சானும் காற்று இழுத்த பக்கமெல்லாம் போனார்கள். ஊரே கோயிலில் கூடிச் செபம் சொன்னது. கடைசியில் வேறொரு படகு கண்டு, கட்டி இழுத்து வந்தது. இவ்வளவும் ஊருக்குத் தெரிந்த கதை. தெரியாத கதையை அன்று எங்கள் வாசலில் நின்று சொன்னார்.

“நல்ல வெயில் சேர். பக்கத்தில தண்ணி விலகிச்சுது. பார்த்தா திமிங்கிலம். எங்கட படகு அதின்ர வாலளவும் வராது. மூச்சு விட்டுது, எங்கட முகமெல்லாம் நனைஞ்சுது. பிறகு கீழ போயிட்டுது. எங்களைப் பார்த்ததாயும் தெரியேல்லை.”

“பயந்திட்டீரோ?”

“பயமெண்டில்லை, ஒரு வெக்கம் மாதிரி. இவ்வளவு பெரிசுகளைப் படைச்சு, அதுகளுக்குச் சாப்பாடும் குடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். அவருக்கு எஞ்சின் பழுதான மரியானை ஞாபகம் இருக்குமோ? அதைத்தான் கேட்டன். ஞாபகம் இருந்தா என்னைக் கரையில விடும், குருத்தோலை ஞாயிறுக்கு உமக்கொரு கழுதை கொண்டுவாறன் எண்டு.”

“ஏன் கழுதை? ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருக்கலாமே.”

“மெழுகுதிரி எல்லாரும்தான் கொளுத்துவினம் சேர். ஞாபகத்தில நிக்காது.”

கடவுளின் ஞாபகசக்தியைப் பற்றி இவ்வளவு கரிசனையோடு யாராவது யோசித்திருப்பார்களா? சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. கரைக்கு வந்த நாளிலிருந்து மரியான் படகைத் தொடவில்லை. நேர்த்தி தீராமல் கடலுக்குப் போவதில்லை என்று இருந்துவிட்டார். அவருடைய மனைவி அடுத்தவர்களின் மீனைக் கருவாடு போட்டுக் கொடுத்து வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நேர்த்தியின் நிபந்தனைகள் வேறு கடுமை. கழுதை பவனிக்கு முன்னால் நடக்க வேண்டும். முதுகில் யாரும் ஏறக்கூடாது — ஒரு சிவப்புத் துணி மட்டும், அன்று கழுதையேறி வந்த ஆண்டவருக்கு இடம் விட்டு. கோயில் வளவுக்குள் தன் காலாலேயே வர வேண்டும். கட்டி இழுத்து வந்தால் செல்லாது.

“விடும், நான் பழக்கித் தாறன்” என்று சொல்லிவிட்டேன். எத்தனை வருஷம் ஏ.எல். வகுப்பில் பிள்ளைகளை மேய்த்தவன்... ஒரு கழுதையா பெரிய விஷயம்?

பங்குத் தந்தையிடம் போனோம். இளம் பாதர், சிலாபத்துப் பக்கத்தவர். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுச் சம்மதம் சொன்னார்.

சேர்மனுக்குப் பயிற்சி தொடங்கியது. குருத்தோலைப் பவனிக்குப் பழக்குகிறோம், எதைக் காட்டிப் பழக்குவது? குருத்தோலையைத்தான். எங்கள் வீட்டுக் கேட்டிலிருந்து, தென்னங்குருத்து ஒன்றை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நான் நடப்பேன், சேர்மன் பின்னால் வருவார். கோயில் கேட்டில் அவருக்கு அந்த ஓலை. பின்னேரம் தவறாமல் இதே வேலை. கடைசியில் கயிறே இல்லாமல் வந்தார். பார்க்க வந்தவர்கள் கை தட்டினார்கள். அந்தப் பெருமிதத்தில் எழுதியதுதான் போன வாரப் பத்தி.

இதில் உள்ள பிழை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டதா? எங்களுக்குப் பிடிபடவில்லை. பிறந்த நாளிலிருந்து குருத்தோலை ஞாயிறு கொண்டாடும் ஒரு பங்குச் சனம் முழுக்க, பாதர் உட்பட, ஒருவருக்கும் பிடிபடவில்லை.

ஞாயிறு காலை. சந்தியில் சனம் நிறைந்து நிற்கிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு குருத்தோலை. பாதர் தீர்த்தம் தெளித்து ஓலைகளை ஆசீர்வதித்தார். முன்னால் சிவப்புத் துணி போர்த்த சேர்மன், பக்கத்தில் வெள்ளைச் சேர்ட்டில் மரியான், மூக்குக்கு முன்னால் ஓலையோடு நான். பாடகர் குழு ‘ஓசன்னா’ என்று எடுத்தது. எல்லாரும் ஓலையை உயர்த்தி அசைத்தார்கள்.

சேர்மன் திரும்பிப் பார்த்தார்.

ஒற்றை ஓலைக்கு இத்தனை நாள் நடந்தவர் அவர். இப்போது ஒரு தென்னந்தோட்டமே பின்னால் வந்து நின்று கையசைக்கிறது. நீங்களாக இருந்தால் முன்னால் போவீர்களா?

முதலில் பாடகர் குழுவுக்குள் நுழைந்தார். ஓசன்னா பாதியில் நின்றது. பங்குச் சபைத் தலைவர் பார்த்துப் பார்த்துப் பின்னிக் கொண்டுவந்த ஓலைச் சிலுவை போனது. பிறகு பாதரின் கையிலிருந்ததும் போனது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெரியவர்கள் ஓலைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். சேர்மனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ரோட்டை விட்டு இறங்கி, நேராக ரசூல் நானாவின் பீட்ரூட் தோட்டத்துக்குள் போய் நின்றுகொண்டார்.

ரசூல் நானாவுக்கும் கழுதைகளுக்கும் பல வருஷப் பகை. அவை எந்த வேலியில் எந்த இடத்தால் நுழையும் என்பதுதான் அவருடைய தீராத கவலை. அன்று தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றவர் என்னைப் பார்த்தார்.

“சேர், ஒங்கட சேர்மன் வந்திரிக்கார்.”

நான் கூப்பிட்டேன். அதட்டினேன். கெஞ்சினேன். பாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கி என்னோடு சேர்ந்து தள்ளினார். பங்குச் சபையும் தள்ளியது. சேர்மன் அசையாமல் நின்று பீட்ரூட் இலை தின்றார். ரோட்டில் பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற என் மனைவி மெதுவாகச் சொன்னாள்.

“இஞ்சருங்கோ, வெயில் ஏறுது. மகுடத்தைக் கொஞ்சம் நிழலில வையுங்கோ.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். மரியான் மட்டும் சிரிக்கவில்லை. கழுதை மேலிருந்து விழுந்த சிவப்புத் துணியை எடுத்து, மண் தட்டி, மடித்து மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் விளையாடிக்கொண்டிருந்தேன், அவர் விளையாடவில்லை.

“அவருக்கு என்ன?” என்று கேட்டார் ரசூல் நானா.

சொன்னேன். கடல், எஞ்சின், திமிங்கிலம், நேர்த்தி எல்லாம்.

“நேர்ச்சையா? அத மொதல்லயே சொல்லப்படாதா, சேர்?”

குழாயைக் கீழே போட்டார். குனிந்து, இலையும் கிழங்குமாக ஒரு பிடி பீட்ரூட்டைத் தன் கையாலேயே பிடுங்கினார்.

“எப்படியும் திண்டுட்டான். மிச்சத்தக் கையால குடுப்பம். நேர்ச்சையோட எல்லாம் வெளையாடக் கூடாது.”

அவர் முன்னால் நடந்தார். சேர்மன் பின்னால் நடந்தார். மரியான் ஓடிப்போய்த் துணியைப் போர்த்தி, அது விழாமல் கையால் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். அவர்களுக்குப் பின்னால் பாதர், பாதி தின்ற ஓலைகளோடு நாங்கள் எல்லாரும். நின்ற இடத்திலிருந்தே ஓசன்னா திரும்பத் தொடங்கியது.

கோயில் கேட்டில் நானா தயங்கினார்.

“நான் உள்ளுக்கு வரலாமா, பாதர்?”

“நீங்க வராட்டிக் கழுதை வராதே, நானா.”

தலையில் தொப்பியும் கையில் பீட்ரூட்டுமாக ரசூல் நானா கோயில் வளவுக்குள் போனார். சேர்மன் தன் சொந்தக் காலால் உள்ளே போனார். மரியான் அந்த மணலிலேயே முழந்தாளிட்டார். நான் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து பார்த்தார்.

“ஞாபகம் இருந்திருக்கு, சேர்.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

பாதரின் பிரசங்கம் அன்று சின்னது. “கடலையும் திமிங்கிலத்தையும் படைச்சவர் ஊருக்குள்ள வரக்குள்ள ஏறினது இப்படி ஒரு கழுதையில. எங்களுக்கு ஒரு பொறுப்பைத் தந்தா, நாங்க எதுல ஏறுறம் எண்டு யோசிச்சுப் பாருங்க.” பேசும்போது அவர் என் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம்.

திங்கட்கிழமை மரியானின் படகு கடலுக்குப் போனது. எஞ்சின் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. அந்தச் சத்தத்தை இவ்வளவு சந்தோஷமாக நான் கேட்டதே இல்லை. மனைவி வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

பின்னேரம் கேட்டில் யாரோ உரசுகிற சத்தம். எட்டிப் பார்த்தால், சேர்மன். பவனி முடிந்தது, நேர்த்தி தீர்ந்தது என்று அவருக்கு யாரும் அறிவிக்கவில்லை போலும். வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான ஓலைக்கு வந்து நிற்கிறார்.

“துரத்திவிடட்டோ?” என்றேன்.

“உங்கட பொறுப்பில விட்டவர் எண்டெல்லோ எழுதினீங்கள்?” என்றாள் மனைவி.

யோசித்துப் பார்த்தேன். அத்தனை திமிங்கிலங்களுக்கும் நடுவில் ஒரு மரியானை மறக்காதவர் மேலே இருக்கிறார். கேட்டில் நிற்கும் ஒரு கழுதையை நான் மறந்தால், அவருடைய சாயல் என்று என்னை எந்த முகத்தோடு சொல்லிக்கொள்வது? கத்தியை எடுத்துக்கொண்டு தென்னையடிக்குப் போனேன். இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆகவே போன வாரப் பத்தியில் ஒரு சிறு திருத்தம்: ‘படைப்பின் மகுடம்’ என்று வரும் இடங்களில் எல்லாம் ‘ஓலை வெட்டுகிறவன்’ என்று மாற்றி வாசிக்கவும்.