நான்கு காலும் ஊன்றிய படம்

படம் எடுக்க வந்த இன்னாசிமுத்து இன்னும் கேமராவின் ரப்பர்ப் பந்தை அழுத்தவில்லை. முப்பது கெஜத்துக்கு அப்பால் செம்மண் நிறக் குதிரை ஒன்று நிற்கிறது. இரண்டு காதும் முன்னால் விறைக்க வேண்டும், நான்கு காலும் தனித்தனியே தெரிய வேண்டும், வால் அடங்க வேண்டும். மூன்றும் ஒரே நொடியில் கூடிவரும்வரை பந்தைப் பிடித்தபடி நிற்பார். ஒரு மணி நேரமானாலும் நிற்பார். ஈ மொய்த்தால் கன்னத்தை மட்டும் சுளிப்பார்.

பாகலூர்ச் சாலையிலுள்ள அந்தக் குதிரைப் பண்ணையில் அவருடைய நீள லென்ஸுக்குப் பீரங்கி என்று பெயர். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் ஏலத்தில் விட்டுச் சென்றது. "பீரங்கி வந்துட்டுது, ஒதுங்குங்கடா!" என்று குதிரைக்காரர்கள் கத்துவார்கள். அவர் சிரிப்பதில்லை. "கிட்டப் போயி எடுத்தா தலை பானையாட்டம், பின்பக்கம் ஆட்டுக்குட்டியாட்டம் வரும். தூரத்துல நின்னாத்தான் குதிரை குதிரையா இருக்கும்" என்பார். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, கண்ணாடித் தகடுகளைப் பாழாக்கிப் பாழாக்கிக் கற்றது. மனிதர்களையும் எட்டத்தில் நிறுத்தியே எடுப்பார். அதனால் ஓசூர்க் கல்யாண வீடுகளில் அவரை அழைப்பதில்லை.

பண்ணையின் முதலாளி சென்னைப் பட்டணத்தில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை வயதான குதிரைகளின் படங்களைப் பார்த்தே முடிவு சொல்லுவார். சரியாக நிற்கும் குதிரை விற்பனைக்கு. நொண்டிக்குத் துப்பாக்கிக் குண்டு.

போன ஐப்பசியில் சம்பங்கியின் முறை வந்தது. குதிரைக்காரர் எல்லப்பன் பதினோரு வருஷம் வளர்த்த பெண்குதிரை. இடது முன்னங்கால் நரம்பு வீங்கி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் வைத்து நின்றது.

"அண்ணா, புல்லுல நிறுத்தறேன். காலு தெரியாது" என்றார் எல்லப்பன்.

"புல்லுல நிக்கற குதிரைய நான் எடுக்கறதில்ல. மொதலாளிக்கும் அது தெரியும்."

"அப்ப சுட்டுடுவாங்கண்ணா."

"வெறுந்தரையில நிறுத்து. ஒரு தடவையாவது ஊனும். நான் நிக்கறேன்."

வெயில் உச்சிக்கு வந்தது. சம்பங்கி காலை ஊன்றவில்லை. பொறுக்கமாட்டாமல் எல்லப்பன் கயிற்றை விட்டுவிட்டு, எதிரே இருபதடி தள்ளிப் போய் நின்றார். "பா மகளே, பா" என்று கன்னடத்தில் அழைத்தார். சம்பங்கியின் காதுகள் விறைத்தன. அவரிடம் வருவதற்காக வீங்கிய காலை முழுதாகத் தரையில் ஊன்றியது. பந்து அழுந்தியது. அடுத்த நொடி குதிரை முழங்கால் மடிந்து தடுமாறிற்று. அது படத்தில் இல்லை.

படத்தைப் பார்த்த முதலாளி விற்கச் சொல்லி எழுதினார். எல்லப்பன் இன்னாசிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு பிரதி கேட்டு வாங்கித் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டார்.

தை மாதம் இன்னாசிமுத்துவும், அவருக்குத் தகடுப் பெட்டி தூக்கும் நானும் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தோம். பஸ்ஸைவிட்டு இறங்கிய இடத்தில், ஒரு ஜட்காவில் பூட்டியிருந்தது சம்பங்கி. விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இடது காலில் சாக்குத் துணி சுற்றியிருந்தது.

"ஏறுங்க சாமி" என்றார் ஜட்காக்காரர். "மொண்டிதான். ரெண்டு போட்டா ஓடும். போட்டோவுல நாலு காலும் ஊனி மகாராணியாட்டம் நின்னுச்சு. அத நம்பி வாங்கிப்புட்டேன்."

இன்னாசிமுத்து ஏறவில்லை. நாங்கள் போகவேண்டிய பழையபேட்டைவரை வெயிலில் நடந்தே வந்தார். வழியில் ஒருமுறைதான் பேசினார்: "சுட்டிருந்தா ஒரு நொடி."

எல்லப்பனிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. பண்ணைக்குப் போகும்போதெல்லாம் எல்லப்பன் வந்து நிற்கிறார். போன வாரம் கூட வந்தார். வேலை முடிந்து, குதிரைகளை லாயத்துக்கு ஓட்டிப் போயிருந்தார்கள். தலைப்பாகையிலிருந்து படத்தை எடுத்து விரலால் துடைத்தார்.

"கிருஷ்ணகிரிப் பக்கம் போயிருந்தீங்களாமேண்ணா. நம்ம கொழந்த எங்கனா கண்ணுல பட்டுச்சா?"

இன்னாசிமுத்து கேமராவுக்குப் பின்னால் போனார். குனிந்து, கறுப்புத் துணியைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டார். எதிரே வெறும் மைதானம்தான் இருந்தது.