தொப்பியைக் கண்டு நிறுத்திய வண்டி

வெள்ளைக்காரர் ஆட்சியில் உப்பு அரசாங்கத்தின் சொத்து. உப்பளத்தில் விலை கொடுக்காமல் ஒரு பிடி அள்ளினாலும் குற்றம். அந்தச் சட்டத்தோடு எனக்குப் பகையில்லை. அதைக் கையில் எடுத்தவர் யார் முகத்தைப் பார்த்து ஓங்கினார் என்பதோடுதான் என் பகை. அது இன்றும் ஆறவில்லை.

அன்று காலை என் மூத்த சகோதரர், என் நானா, கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்குக் கருவாட்டு வண்டி ஓட்டினார். மாலையில் இளைஞர் சங்க மேடையில் பேசவிருந்த நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். முன்னால் எங்கள் அயலவரின் வண்டி, அவர் கத்தோலிக்கர். இரண்டு வண்டியிலும் ஒரே கரையில் காய்ந்த மீன், இரு வீட்டாரும் சேர்ந்து காசு கொடுத்து வாங்கிய உப்பு.

பாலாவி உப்பளத்தருகே நின்ற காவலர் முன்வண்டிக்குக் கையசைத்து வழிவிட்டார். நானாவின் தொப்பியைக் கண்டதும் குறுக்கே பாய்ந்தார்.

“அடே தம்பியா, இறங்கு! மூட்டையெல்லாம் கீழ போடு!”

‘தம்பியா’ என்பது அன்பு மொழியன்று. முஸ்லிம்களாகிய எங்களை இழிக்க வழங்கிய சொல். மூட்டையை அவர் உதறினார். மீனிலிருந்து உப்புக்கல் உதிர்ந்தது.

“பாத்தியா? களவு உப்பு!”

“கருவாட்டுல உப்பில்லாம சீனியா ராலாமி ஈக்கும்?” என்றார் நானா. காவலரை ‘ராலாமி’ என்றே அழைப்போம்.

அயலவர் வண்டியை விட்டு ஓடி வந்தார். “ராலாமி, எங்கட ரெண்டு பேர்ட உப்பும் ஒண்டுதான். என்ட மூட்டையையும் உதறிப் பாருங்க.”

“உன்ன ஆர் கேட்ட? நீ போ!”

காவலர் நானாவைப் புத்தளம் கடைத்தெரு வழியே கள்ளனைப் போல நடத்திச் சென்றார். அவரிடம் மீன் வாங்கும் முதலாளிமார் வாசலுக்கு வந்து பார்த்தனர். நானாவின் வியாபாரமெல்லாம் அந்தக் கடைகளில் அவருக்கிருந்த நல்ல பெயர்தான்.

பொலிஸ் நிலையத்தில், மேடைக்கென்று தீட்டிய சொற்களையெல்லாம் இன்ஸ்பெக்டரின் முன் கொட்டினேன். சந்தேகத்துக்குக் காரணம் என்னவென்று கேட்டேன்.

“உப்புக் கடத்துறது இவங்கதான் ஐயா,” என்றார் காவலர்.

“எப்படித் தெரியும்?” என்றேன் நான்.

“இவங்கதானே எப்பவும் பிடிபடுற!”

“தொப்பி போட்டவனை மட்டும் சோதித்தால் தொப்பி போட்டவன்தானே பிடிபடுவான்? எங்கள் அயலவரின் மூட்டையை ஏன் தொடவில்லை? ஒருவன் செய்ததைக் கண்டு சந்தேகியுங்கள். அவன் தலையைக் கண்டு சந்தேகிக்காதீர்கள்!”

இன்ஸ்பெக்டர் நானாவை விடுவித்தார். இனி சந்தேகத்துக்கான காரணத்தைச் சொல்லித்தான் நிறுத்த வேண்டும், இல்லையேல் எல்லா வாகனத்தையும் நிறுத்த வேண்டும் என்று கட்டளையிட்டார். தென்னந்தோட்டத் துரைமாரின் காரையும் திறக்க வேண்டிவரும் என்றதும் அந்தச் சோதனையே நின்றுபோனது! எங்களைத் துருவியபோது இன்றியமையாததாக இருந்த கடமை, துரையின் காரருகே வந்ததும் தேவையற்றதாகிவிட்டது.

நானா கள்ளனல்லர் என்று கடைத்தெருவில் வந்து சொல்லும்படி கேட்டேன். காவலர் சிரித்தார். “அதான் விட்டாச்சே தம்பி, இன்னும் என்ன வேணும்?”

அடுத்த வாரம் நானாவும் அயலவரும் ஒரே கடையில் மீன் இறக்கினர். அயலவரின் மூட்டைகளை முதலாளி எடை போட்டு உள்ளே அனுப்பினார். பிறகு நானாவின் பக்கம் திரும்பினார்.

“குறை நினைக்காதீங்க நானா. மூட்டைய ஒருக்கா அவுத்துக் காட்டுங்களே.”

சொன்ன முதலாளியும் தொப்பி அணிந்தவர்தான். நானா குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.