லைட்ஹவுஸ் குப்பத்தில் அரை மணி நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போயிருந்தேன். நண்டு வாங்கவா, படகில் சுற்றவா? இரண்டும் இல்லை. என் மகளை, அவளைப் பெற்ற அம்மாவிடம் அழைத்துப்போனேன்.

தேன்மொழியை நானும் கணவரும் தத்தெடுத்தபோது எட்டு மாதக் குழந்தை. இப்போது இருபத்து மூன்று வயது. அவர் போய் ஐந்து வருஷமாகிறது. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

தத்தெடுத்ததை அவளிடம் மறைத்ததில்லை. "அவங்கள ஒரு தடவ பாக்கணும்மா" என்று போன வருஷம் கேட்டாள். "வா, தேடலாம்" என்று சொன்னது நான்தான். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் நான்தான்.

அவளைத் தத்துக் கொடுத்த இல்லத்தில் மனு போட்டோம். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தம்மா இருப்பது பழவேற்காடு பக்கம் லைட்ஹவுஸ் குப்பம். அவர் வீட்டில் யாருக்கும் விஷயம் தெரியாது. பெண் மட்டும் வரட்டும் – ஒரே ஒரு தடவை.

ஞாயிற்றுக்கிழமை தேன்மொழி மட்டும் அவர்கள் தெருவுக்குள் போனாள். நான் கரையில் நின்றேன்.

மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். "இன்னா மேடம், தனியா நிக்கறீங்க? யாரன்னா பாக்கணுமா?"

"யாரும் இல்ல… சும்மா."

யாரென்று கேட்டால், 'தேனு அம்மா' என்றே சொல்லிப் பழகியவள் நான். அந்த ஊரில் அதைச் சொல்ல முடியவில்லை.

அரை மணி நேரத்தில் தேனு வந்துவிட்டாள்.

"நான் பேங்க்லேர்ந்து வந்த மேடம்னு சொல்லிட்டாங்கம்மா."

"யார்கிட்ட?"

"அவங்க பொண்ணுகிட்ட. மீஞ்சூர்ல கம்பெனி வேலையாம், இன்னிக்கு லீவு. 'உக்காருங்கக்கா'ன்னு சேர் போட்டா. தெரியாமத்தான் சொன்னா… ஆனா அக்கான்னு சொன்னாம்மா."

"அவங்க?"

"அந்தப் பொண்ணு வெளில போனதும் கையப் புடிச்சிக்கிட்டாங்க. 'நல்லாகீறியா'ன்னு கேட்டாங்க. அப்புறம், 'இனிமே வராதம்மா, வூட்ல தெரிஞ்சா அவ்ளோதான்'னாங்க."

இனிமேல் வராதே! கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே… அந்த வெட்கத்தை யாரிடம் சொல்ல? உங்களிடம்தான்.

பஸ்ஸில், "கொஞ்ச நேரம் தனியா உக்காந்துக்கறேம்மா" என்றாள். திருப்பாலைவனம் தாண்டியதும் அவள் தோள் குலுங்குவது பின் சீட்டிலிருந்து தெரிந்தது. எழுந்து போகவில்லை. பிள்ளைகளின் சில அழுகைகளில் நமக்கு இடம் கிடையாது. துணைக்குப் போவது என்றால் கூடவே இருப்பது என்று நினைத்திருந்தேன். பாதி நேரம் வெளியே நிற்பதுதான் போலிருக்கிறது.

வியாழக்கிழமை இல்லத்துக்குப் போனோம். என்றைக்காவது அந்தம்மா மனம் மாறிக் கேட்டால் கொடுக்கச் சொல்லி, தன் நம்பரை எழுதினாள். இன்னொரு நம்பரும் வேண்டும் என்றார்கள். தேனு என்னைப் பார்த்தாள். என்னுடையதை எழுதினேன்.

அந்த ஃபோன் வரவே கூடாது என்கிறது மனசு. ரிங்டோனைச் சத்தமாக வைத்துவிட்டது கை.