தேதி போடாத கடிதங்கள்

போன ஞாயிறு மதியம் மாமனாரை ஜனக்புரி மாலுக்குப் படம் பார்க்க அழைத்துப் போனேன். அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். என் மகனும் இப்போது ராணுவத்தில்தான், எல்லையில் ஒரு மலைச் சாவடியில் இருக்கிறான். அதனால் எனக்குப் போர்ப் படமே வேண்டாம் என்றிருந்தது. அவர்தான் பிடிவாதம் பிடித்தார்.

நான்கு கிழவர்கள், ஒரு காலத்தில் தாங்கள் சண்டை போட்ட மலைக்குத் திரும்பிப் போகிறார்கள். அதுதான் கதை. ஒருவர் சறுக்கி விழுந்ததும் மாமனார் எழுந்து நின்றுவிட்டார்.

"செருப்பு போட்டுக்கினு மலை ஏறுறான் பாரு, இவன்லாம் இன்னா சிப்பாயி!"

"அங்கிள்ஜி, பைட் ஜாயியே" என்று உட்காரச் சொன்னது பின்வரிசை. எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு ஒரு கிழவர் பழைய பதுங்குகுழி மண்ணைக் கையால் தடவினார். மாமனார் சட்டென்று வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். படிக்கட்டருகே உட்கார்ந்திருந்தார்.

"என்கூட ஒருத்தன் இருந்தாம்மா. எழுதத் தெரியாது. அவங்கம்மாவுக்கு நான்தான் லெட்டர் எழுதுவேன். தபால் வண்டி எப்ப வரும்னு தெரியாதில்ல? நாலஞ்சி சேத்து எழுதி வெச்சிக்குவேன். 'நல்லா கீறேன், கவலப்படாத.' தேதி மட்டும் போட மாட்டேன்."

"சரி மாமா."

"அவன் செத்த மறுநாள் வண்டி வந்துச்சி. பையில இருந்த லெட்டர் கட்ட அப்படியே தூக்கிக் குடுத்துட்டேன். அவன் லெட்டரும் அதுல இருந்துச்சி."

அவன் இறந்ததைச் சொன்ன தந்திக்குப் பிறகு அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த அம்மா தந்தியை நம்பவில்லை. 'லீவு எப்போது?' என்று கேட்டு யாரிடமோ எழுதி வாங்கி அனுப்பியிருக்கிறார்.

"நீங்க பதில் போடலையா?"

"இன்னான்னு போடச் சொல்ற?"

என் மகன் இருக்கும் இடத்தில் சிக்னல் கிடையாது. கீழே முகாமுக்குப் போகிறவரிடம் எல்லோரும் போனைக் கொடுத்தனுப்புவார்கள். எழுதி வைத்த செய்தி சிக்னல் கிடைத்ததும் தானாகப் போய்விடும். அவனே சொல்லியிருக்கிறான். வாரத்துக்கு ஒன்று வரும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

திரும்பும்போது மெட்ரோவில் போன் அதிர்ந்தது. 'நல்லா இருக்கேன்மா.'

மாமனார் எட்டிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்றைக்கு எழுதியதோ. பதிலை இரண்டு முறை அடித்து அழித்தேன். கடைசியில், 'லீவு எப்போ?' என்று மட்டும் அனுப்பினேன்.

இன்று வியாழன். நான் அனுப்பியது இன்னும் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு அப்படியே நிற்கிறது.